அயல் வீட்டில் ஆறு வாரம்

பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாயிலில், கொழிஞ்சாம்பாறைக்கு அருகே, தென்னையும் நிலக்கடலையும் விளையும் ஒரு சிற்றூரில் நாங்கள் குடியிருக்கின்றோம். பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் வழியாக மேற்கே வருகிறவர்கள் ஒரு சோதனைச் சாவடியைக் கடந்தவுடன் கேரள மாநிலத்திற்குள் நுழைந்து விடுகின்றனர். கடைப் பலகைகளில் எழுத்து மாறுகின்றது. கடைக்காரரின் பேச்சு மாறுவதில்லை. எங்கள் இருவரில் ஒருவர் இவ்வூரார். மற்றவர் இடுக்கி மாவட்டத்தின் மூணாற்றுத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். ஆகவே எங்கள் வீட்டை எல்லையின் இரு மூலைகளும் கூடியமைத்த வீடு என்று சொல்லலாம்.

1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது, கொச்சி அரசில் இருந்த சித்தூர்ப் பகுதியும், திருவிதாங்கூரில் இருந்த தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களும் கேரளத்துடன் நின்றன. அதைப் பற்றி அக்காலத்தில் நடந்த வாதங்களையும் கிளர்ச்சிகளையும் இங்கே எழுப்புவது எங்கள் நோக்கமன்று. அன்று முதல் இப்பகுதிகளில் வீட்டுக்கு ஒரு மொழியும் வீதிக்கு ஒரு மொழியுமாக மக்கள் வாழப் பழகிவிட்டனர் என்பதை மட்டுமே குறிப்பிட விரும்புகின்றோம். எங்கள் மகளும் அவ்வாறே வளர்ந்தாள். வீட்டில் தமிழ் பேசினாள். பள்ளியில் ஆங்கிலத்தில் பாடம் படித்தாள். இரண்டாம் மொழியாக மலையாளம் எழுதினாள். அதில் ஒரு குறை இருப்பதாக நாங்கள் எண்ணியதே இல்லை. அந்தக் குறையைக் காட்டித் தந்தது, அவள் ஜெர்மனியில் ஒரு குடும்பத்தாருடன் தங்கிய ஆறு வாரம். அந்த அனுபவத்தையே இன்று சொல்ல வந்தோம்.

வெளிநாடு செல்வது இக்காலத்தில் புதுமையன்று. வேலைக்காகச் செல்கின்றனர், மேற்படிப்புக்காகச் செல்கின்றனர், ஊர் சுற்றிப் பார்க்கவும் செல்கின்றனர். ஆனால் பள்ளி மாணவர் பரிமாற்றம் என்பது இவற்றினின்றும் வேறானது. பதினைந்து, பதினாறு வயதுள்ள ஒரு பிள்ளை, முன்பின் அறியாத ஒரு குடும்பத்தில், அவ்வீட்டுப் பிள்ளைகளுள் ஒன்றாகச் சில வாரங்கள் தங்குகின்றது. அவர்கள் உண்பதை உண்டு, அவர்கள் பிள்ளை செல்லும் பள்ளிக்குச் சென்று, அவர்கள் விளக்கணைக்கும் நேரத்தில் உறங்குகின்றது. பின்னர் அந்த வீட்டுப் பிள்ளை இங்கு வந்து, அதே முறையில் நம் வீட்டில் தங்குகின்றது. விடுதியில் தங்குபவர் வாடிக்கையாளர். வீட்டில் தங்குபவர் விருந்தாளி. வாடிக்கையாளருக்குப் பணம் இருந்தால் போதும். விருந்தாளிக்கோ பண்பு வேண்டும்.

இந்த ஏற்பாட்டின் வரலாறு சுவையானது. 1932-ஆம் ஆண்டில் அமெரிக்கரான டொனால்டு வாட் என்பவர் தம் நாட்டு இளைஞர் சிலரை ஐரோப்பாவுக்கு அழைத்துச் சென்றார். சர்வதேச வாழ்க்கைச் சோதனை என்ற பெயரில் அவர் தொடங்கிய இயக்கம், அயல் நாட்டாரை அறிய வேண்டுமானால் அவர்கள் வீட்டிலேயே வாழ வேண்டும் என்ற கொள்கையைப் பரப்பிற்று. அமெரிக்கன் பீல்டு சர்வீஸ் என்ற மற்றொரு அமைப்பின் கதை இன்னும் வியப்பானது. 1914-ஆம் ஆண்டில், முதல் உலகப்போர் மூண்டபோது, காயமுற்றவர்களை ஏற்றிச் செல்லும் வண்டியோட்டிகளின் தொண்டர் படையாகப் பாரிசில் பிறந்தது அது. இரண்டாம் உலகப்போரிலும் அப்பணியைச் செய்தது. போர் ஓய்ந்த பின், அந்த வண்டியோட்டிகள் ஸ்டீபன் கலாட்டி என்பவர் தலைமையில் கூடி, காயமுற்றவர்களைச் சுமப்பதைக் காட்டிலும் காயம் நேராமல் தடுப்பது மேல் என்று எண்ணிப் பள்ளி மாணவர் பரிமாற்றத்தைத் தொடங்கினர். 1947-இல் 52 மாணவர்கள் முதன்முதலாக அமெரிக்காவுக்குச் சென்றனர்.

இன்று ரோட்டரி சங்கங்களும் 15 முதல் 19 வயது வரையுள்ள மாணவர்களுக்கு இத்தகைய பரிமாற்றங்களை நடத்துகின்றன. சில நாட்கள் முதல் மூன்று மாதம் வரை நீடிக்கும் குறுகிய காலப் பரிமாற்றமும் உண்டு. ஓராண்டுப் பரிமாற்றமும் உண்டு. மது, போதைப் பொருள், வாகனம் ஓட்டுதல், காதல் விவகாரம் ஆகிய நான்கும் கூடாது என்பது அங்கே பிள்ளைகளுக்கு முதலில் ஓதப்படும் விதி. பெற்றோர் இதைக் கேட்டால் பாதிக் கவலை தீர்ந்துவிடும்.

எங்கள் மகள் மேல்நிலைப் பள்ளியின் முதலாண்டுத் தேர்வை முடித்த ஏப்ரல் மாதத்தில் புறப்பட்டாள். நமக்கு அது கோடை விடுமுறை. ஜெர்மானியர்களுக்கோ பள்ளி நடக்கும் காலம். குறுகிய காலத் தங்கலுக்கான ஷெங்கன் விசாவின் கீழ், 180 நாட்களுக்குள் 90 நாட்கள் வரை அங்கு இருக்கலாம். வயது நிரம்பாத பிள்ளையாதலின் பெற்றோர் இருவரின் சம்மதப் பத்திரமும் வேண்டியிருந்தது. இறைச்சியும் பால் பண்டங்களும் பயணிகளின் பெட்டியில் அந்நாடுகளுக்குள் செல்லக் கூடாது என்பதால், நெய் டப்பா வீட்டிலேயே நின்றுவிட்டது. பருப்புப் பொடி மட்டும் சென்றது. அந்தப் பொடியை இடித்து மூணாற்றிலிருந்து கொடுத்தனுப்பியவர் அவளுடைய அம்மாச்சி, அதாவது தாய்வழிப் பாட்டி. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர்.

அவள் தங்கிய வீடு ரைன் நதிக்கரையில், பிரான்சு நாட்டின் எல்லையை ஒட்டிய ஒரு சிற்றூரில் இருந்தது. முதல் வாரம் கடினமாகவே கழிந்தது. மாலை உணவு என்று மேசையில் வந்தவை ரொட்டித் துண்டுகள், வெண்ணெய், பாலாடைக் கட்டி, வெள்ளரிக்காய், சூடாக ஒன்றுமில்லை. தன் மேல் ஏதோ கோபத்தினால் சமைக்கவில்லை போலும் என்று பிள்ளை அஞ்சிவிட்டாள்! அந்நாட்டில் பல வீடுகளில் இரவு உணவு அப்படித்தான் என்பது இரண்டு நாள் கழித்தே விளங்கிற்று. ஞாயிற்றுக் கிழமை கடைகள் மூடியிருந்தன; தெருவே உறங்கிற்று. அந்த அமைதி அவளை அழ வைத்தது.

ஜெர்மன் மொழியிலும் நம் மொழியைப் போலவே ‘நீ’ என்பதற்கு ஒரு சொல்லும் ‘நீங்கள்’ என்பதற்கு ஒரு சொல்லும் உண்டு. இது அவளுக்கு ஆறுதலாக இருந்தது. ஆனால் அவ்வீட்டு அம்மையார், தம்மைப் பெயர் சொல்லி ‘நீ’ என்றே அழைக்குமாறு கேட்டுக் கொண்டார். வீட்டாராக ஏற்றுக்கொண்டதன் அடையாளம் அது. எங்கள் மகளுக்கோ நா எழவில்லை. ஆறு வாரமும் அந்த அம்மையாரை எப்பெயராலும் அழைக்காமலே சமாளித்தாளாம். மரியாதை என்பது எல்லா நாட்டிலும் உண்டு. அதன் உடைதான் நாட்டுக்கு நாடு மாறுகின்றது.

அந்த முதல் வாரத்தில் நாங்கள் செய்த பிழையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கைபேசி இருக்கின்றதே என்று நாளுக்கு மூன்று முறை பேசினோம். ஒவ்வொரு முறையும் அவள் அழுதாள், நாங்களும் கலங்கினோம். இறுதியில் அவ்வீட்டு அம்மையார் எங்களுடன் பணிவாகப் பேசினார். பிள்ளையின் உடல் இங்கே இருக்கின்றது, காது உங்கள் வீட்டில் இருக்கின்றது, இரண்டும் ஓரிடத்தில் சேர்ந்தால்தான் அவளுக்கு நிம்மதி என்ற பொருள்பட அவர் சொன்னார். அன்று முதல் வாரத்துக்கு இருமுறை மட்டுமே பேசுவது என்று முடிவாயிற்று. இரண்டாம் வாரத்தில் அவள் சிரிக்கத் தொடங்கினாள்.

பள்ளியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அங்கே மாணவர் வகுப்பில் வாய் திறந்து பேசுவதற்கும் மதிப்பெண் உண்டு. எழுத்துத் தேர்வில் எவ்வளவு சிறந்தாலும், வகுப்பில் மௌனமாக அமர்ந்திருப்பவரின் மதிப்பெண் குறையும். ஆகவே பிள்ளைகள் ஆட்காட்டி விரலை உயர்த்திக்கொண்டே இருக்கின்றனர். தவறாகச் சொல்லுகின்றனர், திருத்திக் கொள்ளுகின்றனர், ஆசிரியரை மறுத்தும் கேட்கின்றனர். நம் பள்ளிகளில் அடக்கம் என்று பாராட்டப்படும் குணம் அங்கே அக்கறையின்மையாகத் தோன்றக் கூடும். எங்கள் மகள் மூன்றாம் வாரத்தில்தான் விரலை உயர்த்தினாள். நம் நாட்டில் எத்தனை மொழிகள் என்று ஆசிரியர் கேட்டபோது விடை சொன்னாளாம். உன் மொழி எது என்ற அடுத்த கேள்விக்குத் தமிழ் என்றாள். கரும்பலகையில் உன் பெயரை அம்மொழியில் எழுதிக் காட்டு என்றார் ஆசிரியர். அவள் சென்று, சற்றுத் தயங்கி, மலையாள எழுத்தில் எழுதிவிட்டுத் திரும்பினாள். அங்கிருந்தவர் ஒருவருக்கும் வேறுபாடு தெரியாது. அவளுக்குத் தெரிந்திருந்தது.

அந்த வாரமே மற்றொன்றும் நிகழ்ந்தது. பருப்புப் பொடி டப்பாவை முதன்முறையாகத் திறந்தபோது, மூடிக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் உறையில் மடித்து வைத்த கடிதம் ஒன்று இருந்தது. அம்மாச்சி எழுதியது, தமிழில் எழுதியது. இரண்டு பக்கம். எங்கள் மகளால் அதில் ஒரு வரியையும் படிக்க இயலவில்லை. மலையாளத்தை ஒத்த ஓரிரு எழுத்துக்களை அடையாளம் கண்டாள்; அவ்வளவுதான். பாட்டி என்ன எழுதியிருக்கின்றார் என்று அவ்வீட்டார் ஆவலுடன் கேட்டனர். தன் தாய்மொழியில், தன் பாட்டி, தனக்கென்றே எழுதிய கடிதத்தைத் தன்னால் படிக்க முடியவில்லை என்று அயலார் முன்னிலையில் அவள் சொல்ல வேண்டியதாயிற்று.

அப்போது அவ்வீட்டுத் தந்தை சிரிக்கவில்லை. எழுந்து சென்று அலமாரியிலிருந்து ஒரு பழைய கடிதக் கட்டை எடுத்து வந்தார். தம் பாட்டனார் எழுதிய கடிதங்கள் என்றும், அவற்றைத் தம் வீட்டில் எவராலும் படிக்க முடியாது என்றும் கூறினார். அவை ஜெர்மன் மொழியிலேயே எழுதப்பட்டவை. ஆனால் எழுத்து வேறு. ஜெர்மானியர்கள் முற்காலத்தில் தமக்கே உரிய கூரிய கோடுகளாலான கையெழுத்து முறை ஒன்றைக் கொண்டிருந்தனர். அம்முறையை எளிமைப்படுத்தி லூட்விக் ஸூட்டர்லின் என்பவர் 1911-இல் வகுத்த வடிவம் பிரஷ்யப் பள்ளிகளில் 1915 முதல் கற்பிக்கப்பட்டது. 1941-இல் நாஜி அரசு பழைய எழுத்துக்களை விலக்க ஆணையிட்டது. பள்ளிகளும் அதைக் கைவிட்டன. இரண்டு தலைமுறை கழிந்தது. இன்று அந்நாட்டு இளைஞருள் பெரும்பாலோர் தம் முன்னோரின் கடிதத்தையும் நாட்குறிப்பையும் படிக்க, அந்த எழுத்தறிந்த முதியவரைத் தேடிச் செல்ல வேண்டியிருக்கின்றது.

எங்கள் மகள் பின்னர் எங்களிடம் கூறியது இது: அவர்களுக்கு அரசு ஆணை போட்டு எழுத்தை எடுத்துவிட்டது, நமக்கு யார் ஆணை போட்டார்கள்? நேயர்களே, அதற்கு எங்களிடம் விடை இல்லை. யாரும் ஆணை போடவில்லை. கேரளத்தில் தமிழ்வழிப் பள்ளிகள் இருக்கின்றன. சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ்த் துறையும் இருக்கின்றது. எங்கள் இருவருக்கும் தமிழ் படிக்கவும் எழுதவும் தெரியும். பிள்ளைக்கு ஏற்கெனவே பாடச்சுமை அதிகம், பேசத் தெரிந்தால் போதாதா என்று நாங்களே விட்டுவிட்டோம். சோம்பலுக்குப் பரிவு என்று பெயரிட்டிருந்தோம்.

ஒரு ஞாயிறன்று அவ்வீட்டார் அவளை ரைன் பாலத்தின் மேல் செல்லும் டிராமில் ஏற்றி, ஜெர்மனியின் கேல் நகரிலிருந்து பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகருக்கு அழைத்துச் சென்றனர். 2017 முதல் ஓடும் டிராம் அது. அந்நகரம் இருக்கும் அல்ஸாஸ் பகுதி 1871-இல் ஜெர்மனிக்கும், முதல் உலகப்போர் முடிந்த 1918-இல் பிரான்சுக்கும், 1940-இல் மீண்டும் ஜெர்மனியின் பிடிக்கும், அப்போர் முடியும் தறுவாயில் திரும்பவும் பிரான்சுக்கும் கை மாறிய பகுதி. அங்கே ஜெர்மன் இனத்தைச் சேர்ந்த வட்டாரப் பேச்சைப் பேசும் பாட்டிகள் உண்டு; பிரெஞ்சு மட்டுமே அறிந்த பேரப் பிள்ளைகளும் உண்டு. எங்கள் மகளுக்கு அது அந்நிய நாடாகவே தோன்றவில்லையாம். கொழிஞ்சாம்பாறைச் சந்தையில் நிற்பது போல் இருந்ததாம்.

ஒருவரையொருவர் மூன்று பெரும் போர்களில் அழித்துக்கொண்ட அவ்விரு நாடுகளும் 1963-ஆம் ஆண்டு ஜனவரி 22-ஆம் நாள் பாரிசில் நட்புறவு உடன்படிக்கை செய்துகொண்டன. பிரான்சின் டிகாலும் ஜெர்மனியின் அடனவரும் கையெழுத்திட்டனர். அதன் பயனாக அவ்வாண்டே பிரெஞ்சு ஜெர்மன் இளைஞர் அலுவலகம் பிறந்தது. இதுவரை 90 லட்சத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் அதன் திட்டங்களில் பங்கு கொண்டிருக்கின்றனர். பகைவன் வீட்டுப் பிள்ளையோடு ஒரே மேசையில் ரொட்டி தின்றவன் அவன் மேல் எளிதில் துப்பாக்கி நீட்ட மாட்டான் என்ற நம்பிக்கையே இதற்கு அடிப்படை.

கடிதத்தில் என்ன இருந்தது என்று நேயர்கள் கேட்பீர்கள். அன்றிரவே அவள் அதைப் படமெடுத்துக் கைபேசியில் அனுப்பினாள். நாங்கள் படித்துச் சொன்னோம். பெரிய உபதேசம் ஒன்றுமில்லை. யார் வீட்டில் தங்குகிறாயோ அவர்கள்தான் இப்போது உன் ஆட்கள். தின்ற தட்டை நீயே கழுவு. சோறு இல்லை என்று முகம் சுளிக்காதே, இல்லாத வீட்டிலும் நாம் தின்றிருக்கிறோம். குளிருக்குக் காதை மூடு. நான் தோட்டத்துக்கு வந்த புதிதில் எனக்கும் இப்படித்தான் இருந்தது, மூன்று வாரத்தில் சரியாகிவிடும். இவ்வளவே. அந்தக் கடைசி வரியை முதல் வாரத்திலேயே அவள் படித்திருந்தால் எத்தனை கண்ணீர் மிச்சமாகியிருக்கும் என்று எண்ணினோம்.

ஆகஸ்டு மாதத்தில் அவ்வீட்டுப் பெண் எங்கள் வீட்டுக்கு வந்தாள். அவளை மூணாற்றுக்கு அழைத்துச் சென்றோம். பாலக்காட்டு எல்லையிலிருந்து இடுக்கி எல்லைக்குச் செல்லும் எங்கள் வழி விசித்திரமானது. கேரளத்தை விட்டுப் பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை என்று தமிழ்நாட்டின் வழியே சென்று, சின்னாற்றில் மீண்டும் கேரளத்துக்குள் நுழைந்து, மறையூர் வழியாக மலையேற வேண்டும். எத்தனை எல்லை கடந்தோம் என்று அவள் விரல் விட்டு எண்ணினாள். அடிவாரத்தில் வெயில், மேலே ஓயாத மழை.

அம்மாச்சிக்கு ஜெர்மன் தெரியாது. அவளுக்குத் தமிழ் தெரியாது. எனினும் இருவரும் அடுப்படியில் நெடுநேரம் அமர்ந்திருந்தனர். இரண்டாம் நாள் பார்த்தபோது, ஒரு பழைய பலகையில் அம்மாச்சி ‘அ’ என்று எழுதிக் கொடுக்க, ஒரு பக்கம் ஜெர்மானியப் பெண்ணும் மறுபக்கம் எங்கள் மகளும் அதன் மேல் எழுதிப் பழகிக்கொண்டிருந்தனர். விருந்தாளியாக வந்த பெண் ஐந்து நாளில் தன் பெயரை எழுதக் கற்றாள். எங்கள் மகள் தொடர்ந்து கற்று, டிசம்பர் மாதத்தில் அம்மாச்சிக்குத் தன் கையால் ஒரு கடிதம் எழுதினாள். ஒற்றுப் பிழைகள் மலிந்த கடிதம்தான். அம்மாச்சி அதை அரிசிப் பானையின் மேல் செருகி வைத்திருக்கின்றார்.

இத்தகைய வாய்ப்பு எல்லாப் பிள்ளைகளுக்கும் எட்டுவதில்லை என்பதை நாங்கள் அறிவோம். தங்கவும் உண்ணவும் செலவில்லையாயினும், விமானக் கட்டணமும் காப்பீடும் ஒரு தோட்டத் தொழிலாளியின் சம்பளத்துக்கு அடங்குபவை அல்ல. எங்களுக்கும் ஒரு தவணைத் தேங்காய்ப் பணம் முழுதும் செலவாயிற்று. ஆனால் கடல் கடவாமலும் பரிமாற்றம் உண்டு. 1986-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டி வளர்ந்த நவோதயா பள்ளிகளில், ஒன்பதாம் வகுப்பு மாணவரில் நூற்றுக்கு 30 பேரை ஓராண்டுக்கு இந்தி வழங்கும் பகுதிக்கும் வழங்காத பகுதிக்கும் இடையே மாற்றி அனுப்பும் திட்டம் இருக்கின்றது. பாலக்காடு மாவட்டத்துக்கு மலம்புழையிலும், இடுக்கி மாவட்டத்துக்குக் குளமாவிலும் அப்பள்ளிகள் உள்ளன. ஆறாம் வகுப்பில் நுழைவுத் தேர்வு எழுதிச் சேரலாம். கிராமப்புறப் பிள்ளைகளுக்கே அங்கு பெரும்பாலான இடங்கள். எல்லைப்புறப் பெற்றோர் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

பிள்ளைகளை அனுப்ப எண்ணும் பெற்றோருக்கு எங்கள் அனுபவத்திலிருந்து சில சொற்கள். ஆங்கிலம் சரளமாக வரும் என்பதற்காகவோ, பின்னால் வேலை கிடைக்கும் என்பதற்காகவோ மட்டும் அனுப்பாதீர்கள். தன் படுக்கையைத் தானே மடிக்கத் தெரிந்த பிறகு அனுப்புங்கள். சென்ற பின் குறைவாகப் பேசுங்கள். அனுப்புவதைப் போலவே அழைத்து வைத்துக் கொள்வதையும் கடமையாகக் கொள்ளுங்கள். பெறுவதோடு நிறுத்திக் கொண்டால் அது பரிமாற்றம் ஆகாது. எல்லாவற்றுக்கும் மேலாக, உன் வீட்டைப் பற்றிச் சொல் என்று அயலார் கேட்கும்போது சொல்லத் தக்கதை முதலில் கையில் கொடுத்தனுப்புங்கள். எங்கள் மகள் பெட்டியில் இருபத்து மூன்று கிலோ ஏற்றினோம். உயிரெழுத்து பன்னிரண்டையும் ஏற்றத் தவறினோம். அதற்கு எடையும் இல்லை, சுங்கமும் இல்லை.